விட்சண்டே தீவுகளில் பாய்மரப் பயணம்: கைக்காசு பார்த்துச் செலவழிப்பவருக்கு முழு வழிகாட்டி

விட்சண்டே தீவுகளுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை போனது தப்பான படகில். எல்லாரும் படம் பிடித்துப் போடும் ஹில் இன்லெட் என்ற கடற்கழிக்கு மேலே ஏறி நின்றபோது கீழே நீரேற்றம். வெள்ளை மணலும் நீலத் தண்ணீரும் பின்னிக்கொள்ளும் கோலம் எதுவும் தெரியவில்லை. நீலப் போர்வை ஒன்றை விரித்ததுபோல இருந்தது, அவ்வளவுதான். இரவில் தூங்கவும் இல்லை. இரண்டாம் முறை அதே தீவுகள், ஏறக்குறைய அதே விலை, வேறு படகு. இரண்டு பயணத்துக்கும் இருந்த வித்தியாசம் பணத்தில் இல்லை, பதிவு செய்யும் முன்பு கேட்ட நாலைந்து கேள்விகளில் இருந்தது. அந்தக் கேள்விகளுக்காகத்தான் இந்த வழிகாட்டி.

எங்கே இருக்கிறது

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலக் கரையோரம், கிரேட் பேரியர் ரீஃப் என்ற பெரும் பவளத்திட்டுக்கும் கரைக்கும் நடுவில் 74 தீவுகள். பவளத்தால் ஆன தட்டைத் தீவுகள் என்று நினைத்துப் போகாதீர்கள். இவை மலைகள். பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது பள்ளத்தாக்குகள் மூழ்கி, உச்சிகள் மட்டும் தீவுகளாக நின்றுவிட்டன. அதனால்தான் படகிலிருந்து பார்த்தால் காடு மூடிய மலைச்சரிவு நேராகக் கடலுக்குள் இறங்கும். பெரும்பாலான தீவுகளில் ஆள் குடியிருப்பு கிடையாது, தேசியப் பூங்கா.

1770 ஜூனில் ஜேம்ஸ் குக் இந்தத் தீவுகளுக்கு நடுவிலுள்ள கால்வாய் வழியாகப் போனபோது, கிறிஸ்தவர்களின் பெந்தெகொஸ்தே ஞாயிறு (ஆங்கிலத்தில் விட் சண்டே) என்று கணக்கிட்டு இந்தப் பெயரை வைத்தார். அவருடைய நாட்குறிப்பில் தேதிக்கோட்டுக் கணக்கு சேரவில்லை. உண்மையில் அன்று அங்கே திங்கட்கிழமை. குக் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இந்தத் தீவுகளிடையே மரப்பட்டையைத் தைத்த ஓடங்களில் இங்கத்திய பூர்வகுடிகளான ஙாரோ மக்கள் போய்வந்தார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பயணம் தொடங்கும் ஊர் ஏர்லி பீச். ஒரே தெரு, இரண்டு பக்கமும் ஹாஸ்டலும் பாரும் பயண முகவர் கடைகளும். பெயரில் பீச் இருக்கிறதே என்று துண்டை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். கரை சேற்றுக்கரை, அதுவும் வருடத்தில் பாதி நாள் கொடிய ஜெல்லிமீன் இருக்கும் தண்ணீர். குளிக்க ஊர் நடுவில் செயற்கைக் குளம் ஒன்று கட்டியிருக்கிறார்கள், இலவசம்.

விசா, போக்குவரத்து

இந்திய பாஸ்போர்ட் என்றால் சுற்றுலாவுக்கு 600 வகை விசா, இணையத்திலேயே விண்ணப்பம். பல மாதம் தங்கி, நடுவில் வேலையும் பார்த்து, ஊர் சுற்ற நினைக்கும் 18 முதல் 30 வயதுக்காரர்களுக்கு 462 வகை விசா 2024-லிருந்து இந்தியர்களுக்கும் திறந்திருக்கிறது. ஆண்டுக்கு 1,000 இடம், குலுக்கல் முறை. படிப்பு, ஆங்கிலத் தகுதி உண்டு. ஆஸ்திரேலியாவில் ஏற்கெனவே படிக்கிற, வேலை பார்க்கிற நம் பிள்ளைகளுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை; விடுமுறை வந்தால் பையைத் தூக்க வேண்டியதுதான்.

பிரிஸ்பேனிலிருந்து ஏர்லி பீச் சுமார் 1,100 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறினால் ஏறக்குறைய ஒரு முழு நாள் உட்கார வேண்டும். ஒரு முறை போனேன், முழங்கால் இன்னும் மன்னிக்கவில்லை. விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் பிராசர்பைன் விமான நிலையம். அங்கிருந்து ஊருக்கு ஷட்டில் பஸ். ஹாமில்டன் தீவுக்கும் விமானம் உண்டு, ஆனால் அங்கிருந்து ஏர்லிக்கு ஃபெர்ரி பிடிக்க வேண்டும், அது தனிச் செலவு. கெய்ர்ன்ஸ் பக்கமிருந்து இறங்கி வருகிறீர்கள் என்றால் பஸ் பரவாயில்லை, சுமார் 620 கிலோமீட்டர்தான். ரயிலும் பிராசர்பைன் வழியாகப் போகிறது.

ஊரிலிருந்து நேராக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடியோ ஊறுகாயோ பையில் இருந்தால் விமான நிலையப் படிவத்தில் அறிவித்துவிடுங்கள். அறிவித்தால் பெரும்பாலும் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள், அதிகபட்சம் குப்பையில் போடுவார்கள். மறைத்து மாட்டினால் அபராதம் படகுச் செலவைத் தாண்டக்கூடும்.

எந்த மாதம்

நவம்பர் முதல் மே வரை ஜெல்லிமீன் காலம். நம் கடற்கரையில் சொறி என்போமே, அதே குலம்தான், ஆனால் இங்கே இருக்கிற பாக்ஸ் ஜெல்லிமீனும் இருகாண்ஜியும் ஆளைக் கொல்லக்கூடியவை. இருகாண்ஜி விரல்நகம் அளவுதான் இருக்கும், கண்ணுக்கே தெரியாது. இதற்காகப் பயந்து வராமல் இருக்க வேண்டாம். தலை முதல் கால் வரை மூடும் லைக்ரா உடை ஒன்றைப் படகிலேயே கொடுப்பார்கள், சில இடங்களில் சின்ன வாடகை. அதைப் போட்டுக்கொண்டு எல்லாரும் ஒரே மாதிரி நீலக் குரங்குகள்போல நிற்போம். கூச்சப்பட ஒன்றுமில்லை. வெயிலிலிருந்தும் காப்பாற்றும் என்பதால் நான் குளிர்காலத்திலும் அதைத்தான் போடுகிறேன்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழையும் புயலும் வரக்கூடிய காலம். 2017 மார்ச்சில் டெப்பி புயல் இந்தத் தீவுகள்மீதே நேராக வந்தது. மரங்களும் பவளமும் பெருமளவு அடிபட்டன.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை தென்கிழக்குக் காற்று, நம் கணக்கில் தென்றலுக்கும் கொண்டலுக்கும் நடுவிலிருந்து, நாள் கணக்கில் நிற்காமல் அடிக்கும். 15 முதல் 25 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகம் சர்வசாதாரணம். பாய் விரித்து ஓட வேண்டும் என்ற ஆசை இருந்தால் இதுதான் சமயம். தண்ணீர் மட்டும் குளிர், 22 டிகிரிப் பக்கம். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஹம்பேக் திமிங்கிலங்கள் குட்டிபோட இங்கே வருகின்றன. 300 மீட்டருக்குள் படகு நெருங்கக் கூடாது என்பது சட்டம். தானாக அவை பக்கத்தில் வந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

என் ஓட்டு செப்டம்பர், அக்டோபருக்கு. காற்று கொஞ்சம் தணிந்திருக்கும், தண்ணீர் தெளிந்து சூடேறியிருக்கும், ஜெல்லிமீன் இன்னும் வந்திருக்காது. செப்டம்பரில் போனால் கடைசித் திமிங்கிலங்களும் அங்கேயே இருக்கும்.

மாதத்தை முடிவு செய்த பிறகு தேதிக்குத் தினசரிக் காலண்டரைப் பாருங்கள். நல்ல நேரம் பார்க்கச் சொல்லவில்லை, திதி பார்க்கச் சொல்கிறேன். இங்கே கடல் மூன்று நான்கு மீட்டர் ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் மிக அதிகம்; நீரோட்டம் பலமாக ஓடி அடிமண்ணைக் கலக்கும். அஷ்டமி நவமியை ஒட்டி ஓட்டம் குறைந்து, தண்ணீர் தெளிந்து, பவளம் பார்க்க ஏற்றதாக இருக்கும். ஆக, எந்த நல்ல காரியத்தையும் தொடங்காதே என்று பாட்டி சொல்லும் நாள்தான் நீச்சல் முகமூடி போட்டுக்கொண்டு கடலில் குதிக்க நல்ல நாள். ஹில் இன்லெட் கோலத்துக்கு நேர் எதிர்: தண்ணீர் நன்றாக வற்ற வேண்டும், அதற்கு அமாவாசை பௌர்ணமிதான் தோது. எது முக்கியம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். ஷூட் ஹார்பர் என்ற இடத்துக்கான ஏற்றவற்ற அட்டவணையை ஆஸ்திரேலிய வானிலைத் துறை முன்கூட்டியே வெளியிடுகிறது. அதை ஒரு முறை பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

படகு

இதில்தான் பாதிப்பேர் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டேன். ஏர்லி பீச்சில் விற்கிற இரண்டு நாள் இரண்டு இரவுப் பயணங்கள் எல்லாமே துண்டறிக்கையில் ஒன்றுபோலத்தான் இருக்கும்: நீலக் கடல், வெள்ளைப் பாய், சிரிக்கும் ஆறு பேர். உள்ளே போனால் மூன்று தனி உலகங்கள்.

முதலாவது, ஓய்வுபெற்ற பந்தயப் படகுகள். மேக்ஸி என்று சொல்வார்கள். இருபது இருபத்தைந்து மீட்டர் நீளம். ஒரு காலத்தில் சிட்னியிலிருந்து ஹோபார்ட்டுக்கும் அதற்கு அப்பாலும் போட்டியில் ஓடிய படகுகள் இப்போது பயணிகளைச் சுமக்கின்றன. உள்ளே வசதி எதிர்பார்க்காதீர்கள். வரிசையாகப் பலகைப் படுக்கை, ஒன்றோ இரண்டோ கழிவறை, குனிந்துதான் நடக்க வேண்டும். ஆனால் காற்று பிடித்தால் இதற்கு ஈடு கிடையாது.

இரண்டாவது, பழங்காலக் கப்பல்களும் அகலமான படகுகளும். 1902-ல் நெதர்லாந்தில் கட்டப்பட்ட சோல்வே லாஸ் என்ற பெரிய பாய்மரக் கப்பல் பல ஆண்டுகளாக இந்தத் தீவுகளில் பயணிகளை ஏற்றி ஓடியிருக்கிறது. இந்த வகையில் மேல்தளம் விசாலம், ஆட்டம் குறைவு, வேகமும் குறைவு. குமட்டல் பயம் உள்ளவர்களுக்கும், தம்பதியாகப் போகிறவர்களுக்கும் இது சரிவரும். இரட்டை உடல் கொண்ட கேட்டமரன்களும் இந்த வகைதான். கேட்டமரன் என்ற அந்தச் சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனது. அதை என் படகிலிருந்த ஜெர்மன்காரரிடம் சொன்னேன், நம்பவில்லை; போனில் தேடிக் காட்டிய பிறகுதான் ஒரு பியர் வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாவது, கொண்டாட்டப் படகுகள். பாய் பெயருக்குத்தான் இருக்கும், பெரும்பாலும் எஞ்சினில்தான் ஓடும். வயது வரம்பு போட்டிருப்பார்கள், நள்ளிரவு தாண்டியும் ஸ்பீக்கர் அலறும். இருபது வயதில் நண்பர்களோடு போனால் சொர்க்கம். நான் முப்பத்திரண்டு வயதில், தனியாக, விலை குறைவாக இருக்கிறதே என்று ஏறினேன். என் படுக்கைக்கு நேர் மேலே ஸ்பீக்கர்.

முகவர் கடையில் உட்கார்ந்தால் துண்டறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு இதையெல்லாம் கேளுங்கள். மொத்தம் எத்தனை பேர்? பாய் விரித்து எவ்வளவு நேரம் ஓடும், எஞ்சினில் எவ்வளவு? வயது வரம்பு உண்டா? ஹில் இன்லெட்டுக்கு எந்த நாள், எந்த நேரம் போவோம், அப்போது ஏற்றமா வற்றமா? புறப்படும் நேரமும் திரும்பும் நேரமும் என்ன? இந்தக் கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். ஆனால் சாயங்காலம் புறப்பட்டு மூன்றாம் நாள் காலையில் கொண்டுவந்து விடும் பயணத்தையும் இரண்டு நாள் இரண்டு இரவு என்றுதான் எழுதுவார்கள். முதல் நாள் பகல் போச்சு, கடைசி நாள் பகலும் போச்சு.

பவளத்தைப் பற்றியும் கேளுங்கள். இந்தப் பயணங்களில் நீங்கள் முங்கிப் பார்ப்பது பெரும்பாலும் தீவுகளைச் சுற்றி வளர்ந்திருக்கும் ஓரப் பவளம். ஆவணப்படங்களில் வரும் வெளிப் பவளத்திட்டு இன்னும் சில மணி நேரக் கடல் தள்ளி இருக்கிறது. அதற்குத் தனி வேகப்படகுப் பயணமோ மூன்று நாள் பயணமோ வேண்டும். இதய வடிவப் பவளமோ கீழேயிருந்து தெரியவே தெரியாது, விமானத்திலிருந்துதான். ஓரப் பவளம் மட்டம் என்று சொல்லவில்லை. புயலுக்குப் பிறகு மெல்லத் தளிர்த்து வருகிறது, மீன்களுக்குக் குறையே இல்லை. எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து போனால் ஏமாற்றம் இருக்காது.

ஆறு பேர் சேர்ந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. மாலுமி இல்லாமல் படகை மட்டும் வாடகைக்கு எடுப்பது. இங்கே அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. சில மணி நேரம் உட்காரவைத்துப் பாய், நங்கூரம், ரேடியோ, வரைபடம் எல்லாம் சொல்லிக்கொடுத்துச் சாவியைத் தந்துவிடுவார்கள். இருட்டுவதற்கு வெகுநேரம் முன்பே நங்கூரம் போட்டுவிட வேண்டும், தினமும் ரேடியோவில் இருப்பிடம் சொல்ல வேண்டும். செலவைப் பங்கு போட்டால் கட்டுப்படியாகும். குழுவில் ஒருவருக்காவது படகுப் பழக்கம் இருந்தால் மட்டும் செய்யுங்கள். நங்கூரம் பிடிக்காமல் இழுபடும் இரவில் சாம்பார் வைக்கத் தெரிந்தவர் உதவமாட்டார்.

பணக் கணக்கு

நான் விசாரித்த வரையில் இரண்டு இரவுப் பயணம் ஆளுக்கு 500 முதல் 800 ஆஸ்திரேலிய டாலருக்குள் வரும். சாப்பாடு, முகமூடி, துடுப்புக்காலணி பெரும்பாலும் அதில் அடக்கம். பவளப்பூங்காவுக்கான நாள்வரி ஒன்று உண்டு, சில படகுகள் விலையிலேயே சேர்த்திருக்கும், சில ஏறும்போது தனியாக வாங்கும். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். படகில் ஏறும் முந்தின இரவும் இறங்கும் இரவும் ஹாஸ்டல் செலவு தனி.

மலிவாக வேண்டுமா? கூட்டம் குறைந்த மாதங்களில் ஊருக்கு வந்து, நாளைக்கோ மறுநாளோ புறப்படும் படகில் காலி இடம் இருக்கிறதா என்று நாலு கடை ஏறி இறங்குங்கள். விலை குறையும். பள்ளி விடுமுறையிலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் இந்த விளையாட்டு வேண்டாம், இடமே கிடைக்காது.

சைவமா? பதிவு செய்யும்போதே சொல்லி, எழுத்தில் உறுதி வாங்குங்கள். படகில் ஏறிய பிறகு சொன்னால் இரண்டு நாளும் பாஸ்தாவும் சாலடும்தான். முதல் முறை எனக்கு அதுதான் நடந்தது, நடுவில் பிஸ்கட்டை வைத்து ஒப்பேற்றினேன்.

பை

பெரிய முதுகுப்பையை ஹாஸ்டலில் விட்டுவிடுங்கள், பூட்டி வைக்க இடம் தருவார்கள். சக்கரப் பெட்டியைப் படகில் ஏற்றவே மாட்டார்கள். வளைந்த சுவரோரப் பொந்துக்குள் கசக்கித் திணிக்கிற துணிப்பைதான் சரி. இரண்டு நாளுக்கு உள்ளே போக வேண்டியது: நீச்சலுடை இரண்டு (ஒன்று காயும்போது இன்னொன்று), துண்டு, வெயில் களிம்பு, தொப்பிக்குக் கயிறு, தண்ணீர் பாட்டில், ராத்திரிக்கு ஒரு ஸ்வெட்டர். கடைசியைப் படித்துச் சிரிக்காதீர்கள். ஜூலை இரவில் ஈரத்தலையோடு மேல்தளத்தில் உட்கார்ந்து பாருங்கள், ஊட்டி தோற்கும்.

செருப்பு தேவையில்லை. ஏறும் இடத்திலேயே கழற்றி ஒரு கூடையில் போடச் சொல்வார்கள்; இறங்கும்வரை வெறுங்கால்தான். கோயிலுக்குப் போன மாதிரி. கூடையில் என் செருப்பு எது என்று தேடுவதும் அதே மாதிரி.

போனுக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை கட்டாயம். தண்ணீரைவிட வைட்ஹேவன் கடற்கரை மணல்தான் அதற்கு எமன். மாவுபோல இருக்கும் அந்த மணல் சார்ஜ் போடும் துளைக்குள் போனால் வெளியே வராது. சிக்னலும் பல இடங்களில் கிடைக்காது. வீட்டில் முன்பே சொல்லிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் அம்மா கரைக்காவல் படையைக் கூப்பிட்டுவிடுவார்.

மதுபானம் பெரும்பாலான படகுகளில் நீங்களே வாங்கி வரலாம். கண்ணாடி பாட்டில் கூடாது, சிவப்பு ஒயினும் பல இடங்களில் கூடாது, தளத்தில் கறை படியும். அட்டைப்பெட்டியில் பையோடு வரும் மலிவு ஒயினை இங்கே 'கூன்' என்கிறார்கள். பெயர் பொருத்தம். குடித்தவர் மறுநாள் நிமிர்ந்து நடப்பதில்லை.

குமட்டல் மாத்திரையைப் படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும். ஊரிலிருந்து வருபவர்கள் அவோமின் கொண்டுவருவார்கள், இங்குள்ள மருந்துக்கடையிலும் வேறு பெயர்களில் கிடைக்கும். தூக்கம் வரும், வேறு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளுங்கள். படகில் கீழே அறைக்குள் போய்ப் படுத்தால் இன்னும் மோசமாகும். படகின் முன்பக்கமான அணியத்தில் ஆட்டம் அதிகம். பின்பக்கமான அமரத்துக்குப் போய் உட்கார்ந்து அடிவானத்தைப் பாருங்கள். வாந்தி வந்தே தீரும் என்றால் காற்று போகிற பக்கம் தலையை நீட்டுங்கள். எதிர்ப்பக்கம் நீட்டிய ஒருவருக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன்.

நீச்சல் தெரியாதவர்களுக்கு

நம்மில் பாதிப்பேருக்குத் தெரியாது, அதை வெளியில் சொல்லவும் மாட்டோம். இங்கே சொல்லிவிடுங்கள். ஏறியதும் உடல்நிலைப் படிவம் தருவார்கள். இதயம், ஆஸ்துமா, வயது, நீச்சல் எல்லாம் கேட்பார்கள், உண்மையை எழுதுங்கள். நீண்ட பஞ்சுக்குழல் ஒன்று தருவார்கள், நூடுல் என்று பெயர். அதை அக்குளுக்குள் கொடுத்து மிதந்தபடி முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்தால் போதும், பவளம் தெரியும். மிதக்கவும் முகமூடிக் குழாயில் மூச்சுவிடவும் முந்தின நாளே ஏர்லி பீச் குளத்தில் பழகிக்கொள்ளுங்கள். முகமூடிக்குள் எச்சில் தடவிக் கழுவினால் கண்ணாடியில் ஆவி படியாது. அருவருப்பாக இருக்கும், ஆனால் இதைவிட நல்ல வழி இல்லை.

படகின் தலைவரான ஸ்கிப்பர் குதிக்காதே என்று சொல்கிற இடத்தில் குதிக்காதீர்கள். சிட் ஹார்பர் என்ற அழகான நங்கூரத்துறை இருக்கிறது, இரவில் நிறையப் படகுகள் அங்கே தங்கும். 2018-ல் இரண்டு மாதத்துக்குள் மூன்று பேரை அங்கே சுறா தாக்கியது, ஒருவர் இறந்தார். அதன் பிறகு அங்கே நீந்த வேண்டாம் என்று எச்சரிக்கிறார்கள். கரையோரக் கழிமுகங்களில் முதலையும் உண்டு.

படகில்

இரண்டாம் முறை நான் ஏறியது மேக்ஸி. அது துறையைவிட்டு எஞ்சினில்தான் வெளியே வந்தது. கால்வாய்க்குள் வந்ததும் ஸ்கிப்பர் எட்டுப் பேரைக் கூப்பிட்டு, நாலு நாலாக எதிரெதிரே நிற்கவைத்து, கயிறு சுற்றும் உருளையின் கைப்பிடியைச் சுழற்றச் சொன்னார். சைக்கிள் பெடலைக் கையால் மிதிப்பதுபோல. முதல் பத்துச் சுற்று விளையாட்டு, இருபதாவது சுற்றில் தோள் எரிந்தது. பாய் தடதடவென்று அடித்துக்கொண்டே மேலே ஏறியது. உச்சியைத் தொட்டதும் படகைக் காற்றுக்குக் கொடுத்தார், எஞ்சினை அணைத்தார். அதுவரை இருந்த இரைச்சல் போய், தண்ணீர் படகின் உடலில் உரசும் சத்தம் மட்டும். மறு நொடி தளம் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. எல்லாரும் உயர்ந்த பக்கத்துக்கு ஏறி, கம்பிக்கு வெளியே காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தோம். எதிர்ப்பக்கத் தளத்தில் கடல் ஏறி ஓடியது. பக்கத்திலிருந்த பிரிட்டிஷ் பெண், கவிழுமா என்று கேட்டார். கீழே டன் கணக்கில் எடை தொங்குகிறது, கவிழாது என்றார் டெக்ஹேண்ட் என்கிற படகு உதவியாள், ஆப்பிளைக் கடித்துக்கொண்டே.

திசை மாற்றும்போது ஸ்கிப்பர் கத்துவார். அப்போது தலையைக் குனிந்துகொண்டு மறுபக்கம் ஓட வேண்டும். பாயின் அடிக்கட்டை தலைக்கு மேலே வீசிக்கொண்டு போகும். கயிறு ஓடும்போது அதில் கை வைக்காதீர்கள், விரல் போய்விடும். வேலை செய்ய விருப்பமில்லை என்றால் ஒதுங்கி உட்காரலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கடலில் நல்ல தண்ணீருக்குக் கணக்கு உண்டு. குளியல் என்பது ஒரு நிமிடம், அதுவும் எல்லா நாளும் இல்லை. கழிவறையில் கையால் அடிக்கும் பம்பு. எப்படி என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதை அடைத்தவர் யார் என்று இரண்டு நாளும் பேச்சு ஓடும்.

வைட்ஹேவன், ஹில் இன்லெட்

விட்சண்டே தீவின் கிழக்குக் கரையில் ஏழு கிலோமீட்டர் வெள்ளை மணல். 98 சதவீதம் சிலிக்கா. நடக்கும்போது காலடியில் கிறீச்சிடும், உச்சி வெயிலிலும் சுடாது. மெரினாவில் மத்தியானம் வெறுங்காலோடு ஓடியவர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்த மணலை ஒரு பிடிகூட எடுத்து வரக் கூடாது, தேசியப் பூங்காச் சட்டம்.

ஹில் இன்லெட் இந்தக் கடற்கரையின் வடக்கு முனை. பெரும்பாலான படகுகள் மறுபக்கம் டங் பே என்ற வளைகுடாவில் நிற்கும். ரப்பர் படகில் கரையிறங்கி, காட்டுப்பாதையில் கொஞ்ச தூரம் ஏறினால் பார்வை மேடை. கடல் நன்றாக வற்றும்போது ரப்பர் படகு தரை தட்டும் என்பதால் ஸ்கிப்பர்கள் நேரத்தைப் பார்த்துத்தான் இறக்குவார்கள். வற்றத் தொடங்கிப் பாதி தாண்டிய நேரம் நல்ல சமரசம். இரண்டாம் முறை நாங்கள் ஏறியது அந்த நேரத்தில்தான். ஈரக் கோலமாவைத் தண்ணீரில் கொட்டி விரலால் ஒரு சுற்று சுற்றியதுபோல, வெள்ளையும் வெளிர்பச்சையும் நீலமும் வளைந்து கிடந்தன. கால் மணி நேரம் நின்றோம். அதற்குள்ளேயே ஒரு மணல்திட்டு கொஞ்சம் அகலமாகிவிட்டது. படம் எடுத்ததும் கீழே ஓடிவிடாமல் கொஞ்சம் நில்லுங்கள்.

மேடையில் பார்த்த பிறகு மறுபக்கம் கடற்கரைக்கு இறங்கினால் முழங்கால் ஆழத்தில் திருக்கைகளும் சின்னச் சுறாக்களும் திரியும். காலை உயர்த்தி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே நடந்தால் திருக்கை விலகிப் போகும். கரையில் உடும்பு வரும், பெரியது. பையைத் திறந்து வைத்திருந்தால் சாண்ட்விச் அதற்கு.

மற்ற இடங்கள்

ஹூக் தீவின் வடக்கில் இருக்கும் குடாக்களில் பவளம் பார்க்க நிறுத்துவார்கள். எந்தக் குடா என்பதை அன்றைய காற்று முடிவு செய்யும். தென்கிழக்குக் காற்று பலமாக இருந்தால் தீவின் மறைவிலிருக்கும் வடபக்கம் அமைதியாக இருக்கும். துண்டறிக்கையில் போட்ட இடத்துக்கு ஏன் போகவில்லை என்று ஸ்கிப்பரிடம் சண்டை போடாதீர்கள். பவளத்தில் காலை ஊன்றாதீர்கள், களைத்தால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள், ரப்பர் படகு வரும்.

படகு அதே தீவின் தெற்கே நாரா இன்லெட்டில் நங்கூரம் போட்டால் கட்டாயம் இறங்குங்கள், பலர் சோம்பலில் படகிலேயே இருந்துவிடுகிறார்கள். சிறிது தூரம் படி ஏறினால் ஙாரோ மக்களின் குகை. பாறைச் சுவரில் ஓவியங்கள். அங்கே சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் இருந்ததற்குச் சான்று கிடைத்திருக்கிறது. ஆமையும் மீனும் சிப்பியும் தின்று, ஓடத்தில் தீவுக்குத் தீவு போன மக்கள். பின்னர் வெள்ளையரின் ஆயுதக் காவல்படையும் கட்டாய இடப்பெயர்வும் அவர்களை இங்கிருந்து துரத்தின. குகை வாயிலில் நின்றால் அந்த நீண்ட குறுகிய நீர்ப்பரப்பு முழுவதும் தெரியும், யார் வந்தாலும் முன்பே பார்த்துவிடலாம். அதற்காகத்தான் அந்த இடத்தைத் தேர்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

இரவில் கீழே படுக்கை புழுக்கமாக இருந்தால் மேல்தளத்தில் படுக்க அனுமதி கேளுங்கள். பனி விழும், தலையணையை மூடிக்கொள்ளுங்கள். தெற்கே தெரியும் நாலு நட்சத்திரச் சிலுவைதான் நம் பெரியவர்கள் சொல்லும் திரிசங்கு. ஊரில் அடிவானத்தை ஒட்டித் தடவிக்கொண்டு போகும் அது, குளிர்கால முன்னிரவில் இங்கே நன்றாக மேலேறி நிற்கும். பாய்க்கம்பத்தில் கயிறு டக் டக் என்று தட்டிக்கொண்டே இருக்கும். முதல் ஒரு மணி நேரம் எரிச்சலாக இருக்கும்.

இறங்கிய பிறகு

திரும்பிய அன்றே பஸ்ஸோ விமானமோ பதிவு செய்யாதீர்கள். காற்று எதிர்த்தால் படகு சில மணி நேரம் தாமதமாகும். அன்றிரவு ஹாஸ்டல் படுக்கையை முன்பே எடுத்துவையுங்கள். சாயங்காலம் எல்லாப் படகுக்காரர்களும் ஏதாவது ஒரு பாரில் கூடுவார்கள், போகலாம், போகாமலும் இருக்கலாம். நான் போகவில்லை. செருப்புக் கூடையில் இடது கால் மட்டும்தான் என்னுடையது என்பது ஹாஸ்டலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. குளியலறையில் கண்ணை மூடித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் தரை ஆடியது, சுவரைப் பிடித்துக்கொண்டு குளித்து முடித்தேன். அந்த ஆட்டம் நிற்க மறுநாள் மத்தியானம் ஆனது. காதிலிருந்து மணல் போக நாலு நாள்.